கீழாநெல்லியும் கல்லீரலும்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

கொமரலிங்கத்து வயல் வரப்புகளில் கீழாநெல்லியைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அமராவதி ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலின் ஈரம் எட்டும் இடமெல்லாம் அது தானே முளைத்து நிற்கும். ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம் உயரம். புளியிலை போன்ற சிற்றிலைகள். கிளையின் அடிப்புறத்தே வரிசையாகத் தொங்கும், கடுகினும் சற்றே பெரிய காய்கள். கீழ்ப்புறம் காய்ப்பதனாலேயே கீழ்க்காய்நெல்லி எனப்பட்டு, நாளடைவில் கீழாநெல்லி ஆயிற்று. களை எடுக்கும் பெண்கள் இதனைப் பிடுங்கி வரப்பில் எறிவர். அடுத்த மழைக்கு அவ்விடத்திலேயே மீண்டும் முளைக்கும்.

எங்கள் ஊரிலும், கொழுமம், மடத்துக்குளம் முதலிய பக்கத்து ஊர்களிலும் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துச் சிறுநீர் நிறம் மாறினால், வீட்டார் முதலில் நினைப்பது இச்செடியைத்தான். வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் வைத்து மைய அரைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கரைத்து விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பர். “மூணு நாளைக்கு உப்பு ஆகாது சாமி, எண்ணெய்ச் சட்டி பக்கமே போகப்படாது” என்று என் அம்மாயி பத்தியம் சொல்வதைச் சிறு வயது முதலே கேட்டிருக்கிறேன். குடித்தவர்களுள் பெரும்பாலோர் தேறியும் விடுகின்றனர்.

இது முன்னோர் கண்ட அறிவா, வெறும் நம்பிக்கையா? இவ்வினா எங்கள் வகுப்பில் பலமுறை எழுந்து, பலமுறை சச்சரவில் முடிந்திருக்கிறது. ஒரு சாரார் “நம் பாட்டிமார் அறியாததா?” என்பர்; மறு சாரார் “நிரூபணம் எங்கே?” என்பர். இவ்வினாவைச் சென்னையில் முறையாகச் சோதித்தே பார்த்தார்கள் என்பதும், அச்சோதனையில் நோபெல் பரிசு பெற்ற மேதை ஒருவரும் பங்கு கொண்டார் என்பதும் இரு சாராருமே அறியாத செய்தி. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காமாலை என்பது என்ன?

கல்லீரல் நம் உடலின் உள்ளுறுப்புக்களுள் மிகப் பெரியது. வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். வலப்புற விலா எலும்புகளுக்கு உள்ளே மறைந்து கிடக்கும் இவ்வுறுப்பு, உண்ட உணவின் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குகிறது, நச்சுப் பொருள்களை மாற்றி வெளியேற்றுகிறது, பித்தநீரைச் சுரக்கிறது. பெரும்பகுதியை வெட்டி நீக்கினாலும் எஞ்சிய பகுதி வளர்ந்து பழைய அளவை எட்டும் ஆற்றல் இதற்கு உண்டு. இதே ஆற்றல்தான் இதன் தீமையும்கூட. பாதிக்கு மேல் கெட்ட பின்னரும் அது நோவு காட்டாமல் வேலை செய்துகொண்டே இருக்கும்.

நம் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அவை சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதனைப் பற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. அவ்வேலை தடைப்பட்டால் மஞ்சள் இரத்தத்திலேயே தங்கிக் கண்ணிலும் தோலிலும் ஏறும். ஆகவே காமாலை ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. புகையைப் போன்றது எனலாம். அடுப்பு எரிந்தாலும் புகை வரும். கூரை பற்றினாலும் புகை வரும். சிவப்பணுக்கள் அளவு மீறி அழிந்தாலும் காமாலை வரும். பித்தக் குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்தாலும் வரும். சாராயத்தாலோ, மருந்துகளாலோ, வைரஸ் கிருமிகளாலோ கல்லீரல் வீங்கினாலும் வரும்.

நம் பக்கத்தில் காணும் காமாலையில் வைரஸ்களுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றை ஏ, பி, சி, டி, ஈ என ஐந்தாகப் பிரிக்கின்றனர். ஏ, ஈ இரண்டும் மலக்கழிவு கலந்த குடிநீராலும் உணவாலும் பரவுவன. டில்லியில் 1955-56-ல் யமுனை நீரில் சாக்கடை கலந்ததால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அதற்குக் காரணம் ஈ வகை வைரஸ் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. இவ்விரு வகைக் காமாலையும் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே மறைந்துவிடும். கருவுற்ற தாய்மார்க்கு மட்டும் ஈ வகை பேராபத்தானது. நிறைமாதத்தை நெருங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை உயிரிழந்த நிகழ்ச்சிகள் உண்டு.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தானே தேறும் நோயில், கீழாநெல்லி குடித்தவரும் தேறுவர், குடிக்காதவரும் தேறுவர். கையில் சூடு போட்டுக்கொண்டவரும், கண்ணில் மை இட்டுக்கொண்டவரும் அவ்வாறே தேறுவர். ஆகவே அம்மாயியிடம் மருந்து குடித்துத் தேறியவர்களை எண்ணிக் காட்டி மருந்தின் திறனை நிறுவ முடியாது. திறன் இல்லை என்று நிறுவவும் முடியாது. தானே எளிதில் விலகாத ஒரு கல்லீரல் நோயில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். அத்தகைய நோய் ஹெபடைடிஸ் பி.

பி வகை வைரஸ் இரத்தத்தாலும், உடலுறவாலும், சுத்தம் செய்யாத ஊசியாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. வளர்ந்தவரைத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அதனை வென்றுவிடுவர். பிறந்த குழந்தையைத் தொற்றினால் நிலைமை தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது நிலையாகத் தங்கிவிடும். தங்கிய கிருமி முப்பது நாற்பது ஆண்டு ஓசையின்றி இருந்து, சிலருக்குச் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கத்தையும், சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் இவ்வகையில் கிருமியைச் சுமந்திருந்தோர் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர்.

ஆஸ்திரேலியப் புரதம்

இக்கிருமியைக் கண்ட கதை விந்தையானது. அமெரிக்க மருத்துவ அறிஞர் பாருக் பிளம்பர்க் கல்லீரலை ஆராயப் புறப்பட்டவர் அல்லர். மனிதர்களின் இரத்தப் புரதங்கள் இனத்துக்கு இனம் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே அவர் ஆராய்ச்சி. பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தோடு சேர்ந்தபோது புதியதொரு புரதத்தைக் காட்டிற்று. அதற்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று பெயரிட்டனர். அது பரம்பரைப் பண்பன்று, ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது 1967-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாயிற்று. அவ்வுறையையே பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக்கலாம் என்று பிளம்பர்க்கும் அவருடன் பணியாற்றிய இர்விங் மில்மனும் 1969-ல் வழி காட்டினர். 1976-ல் பிளம்பர்க்குக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளாகிய ஜூலை 28 இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கொள்ளப்படுகிறது.

ஒருவர் உடலில் கிருமி தங்கியிருக்கிறதா என்பதை அறிய இந்த மேலுறை ஆன்டிஜனைத்தான் இன்றும் சோதிக்கின்றனர். ஆறு மாதத்துக்கு மேல் அது இரத்தத்தில் இருந்தால் அவர் நிலையான கிருமி தாங்கி. அப்படிப்பட்டவரிடமிருந்து அது தானே மறைவது அரிது. ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவே. கீழாநெல்லியின் திறனை நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல தராசு கிடைக்காது.

தரமணியில் நடந்த சோதனை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் (பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர்) கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகிய இரண்டின் சாறும் சோதனைக் குழாயில் அந்த ஆன்டிஜனைச் செயலிழக்கச் செய்கின்றன என்று 1982-ல் தம் குழுவினரோடு வெளியிட்டார். 1987-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் மூவரும் கீழாநெல்லிச் சாறு வைரஸின் டி.என்.ஏ.வைப் பெருக்கும் நொதியைத் தடுக்கிறது என்று கண்டனர். உட்சக் என்னும் அணிலினப் பிராணிக்கு இதே போன்ற வைரஸ் உண்டு. அதனிடமும் சாறு பயன் தந்ததாக அறிவித்தனர்.

அடுத்த ஆண்டில் இரு குழுவினரும் சேர்ந்து லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மனிதரிடம் செய்த சோதனையை வெளியிட்டனர். கிருமி தாங்கிகளை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குக் கீழாநெல்லித் தூளையும், மறு கூறினருக்கு அதே தோற்றமுடைய மருந்தில்லாத போலித் தூளையும் 30 நாள் கொடுத்தனர். முடிந்து 15 முதல் 20 நாளில் இரத்தத்தைச் சோதித்தபோது, கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜன் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்திருந்தது. நூற்றுக்கு 59 எங்கே, 4 எங்கே!

இது எத்தகைய முடிவு என்பதை விளங்கிக்கொள்ள இன்றைய ஆராய்ச்சியோடு ஒப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி-யின் ஆன்டிஜனை முற்றிலும் மறையச் செய்வதே இன்றும் உலக ஆராய்ச்சிக் கூடங்கள் துரத்தும் இலக்கு. பெபிரோவிர்சன் என்னும் புது மருந்தை 24 வாரம் ஊசியாகப் போட்டதில் பத்தில் ஒருவர் அளவுக்கு ஆன்டிஜன் மறைந்து, மருந்தை நிறுத்திய பின்னும் ஆறு மாதம் மறைந்தே இருந்தது என்று 2022-ல் வெளியான செய்தியே பெரும் முன்னேற்றமாக வரவேற்கப்பட்டது. வரப்பில் முளைக்கும் செடி முப்பதே நாளில் பத்தில் ஆறு பேரை மீட்டது என்றால் உலகம் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்யும்?

உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு தானும் செய்து பார்த்தது. 1990-ல் தாய்லாந்து அறிஞர்கள் தங்கள் நாட்டுச் செடியைக் கொண்டு சோதித்து, பயன் இல்லை என்று அதே லான்செட்டில் எழுதினர். நெதர்லாந்திலும் பயன் உறுதிப்படவில்லை. நியூசிலாந்தில் 1994-ல் வெளியான ஆய்விலும் தோல்வியே. 2011-ல் காக்ரேன் என்னும் அனைத்துலக அமைப்பின் ஆய்வாளர்கள் அதுவரை நடந்த 16 சோதனைகளைத் திரட்டி எடைபோட்டு, போலி மருந்தைவிடக் கீழாநெல்லி இனச் செடிகள் மேலானவை என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு செய்தனர். பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த சோதனைகள் சில நம்பிக்கை ஊட்டினும் அவற்றின் தரம் குறைவு என்பதும் அவர்கள் கருத்து.

சென்னையில் கண்டது ஏன் பிற இடங்களில் காணப்படவில்லை? செடி வளர்ந்த மண், பறித்த பருவம், கொடுத்த அளவு, நோயாளிகள் குழந்தைப் பருவத்தில் கிருமி பெற்றவர்களா பின்னால் பெற்றவர்களா என்னும் வேறுபாடு எனப் பல விளக்கங்கள் கூறப்பட்டன. அறுபதே பேரைக் கொண்ட தொடக்க ஆய்வு அது என்பதையும் மறக்கலாகாது. அதை நடத்தியோரே அதனைத் தொடக்க ஆய்வு என்றுதான் குறித்தனர். என்னளவில், தரமணியில் நடந்ததை நான் தோல்வியாகக் கருதவில்லை. எவரும் திருப்பிச் செய்து பார்க்கக்கூடிய முறையில், அளவும் நாளும் எண்ணிக்கையும் குறித்து வெளியிட்டதனால்தானே பிறர் சோதித்து மறுக்க முடிந்தது? குறை பின்னால் வந்தவர்களுடையது. கீழாநெல்லியைப் புகழ்ந்து பேசுவோர் 1988-ஐ மட்டும் சொல்லி 1990-ஐ விட்டுவிடுவதை நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. எலிக்குக் கார்பன் டெட்ரா குளோரைடு என்னும் நஞ்சைக் கொடுத்து, அதன் கல்லீரலை இன்ன மூலிகை காத்தது என்று காட்டும் ஆய்வுகள் ஏராளமாக வருகின்றன. அவை பயனற்றவை அல்ல. ஆயினும் எலிக்குக் கொடுத்த நஞ்சு வேறு, மனித உடலில் நாற்பதாண்டு குடியிருக்கும் வைரஸ் வேறு. முன்னதைக் கொண்டு பின்னதற்கு மருந்து என்று விளம்பரம் செய்வது முறையாகாது.

எந்தக் கீழாநெல்லி?

தாவரவியல் மாணவனாகிய எனக்கு மிகவும் சுவையாக இருந்த பகுதி இது. நம் பழைய நூல்களில் கீழாநெல்லிக்குப் பில்லாந்தஸ் நிரூரி என்று பெயர் காணப்படும். உண்மையில் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வரப்பில் நிற்பது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ். 1987 ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் நிரூரி என்றும், 1988 கட்டுரையில் அமாரஸ் என்றும் இருப்பதற்கு இக்குழப்பமே காரணம். இந்தியத் தாவர நூல்களில் இருந்த பிழையை 1985-ல்தான் வகைப்பாட்டியலார் விரிவாக எடுத்துக் காட்டினர்.

இதோடு முடியவில்லை. பில்லாந்தஸ் பிரட்டெர்னஸ், பில்லாந்தஸ் டெபிலிஸ் என்று இன்னும் சில இனங்கள் அதே வரப்பில், அதே தோற்றத்தில் நிற்கும். கைலென்சால் பூவைப் பார்த்தால் அமாரஸுக்கு இதழ்கள் ஐந்து, பிரட்டெர்னஸுக்கு ஆறு. பூவோ ஒரு குண்டூசித் தலை அளவு. களை பிடுங்கும் அவசரத்தில் யார் இதழ் எண்ணுவார்? சென்ற புரட்டாசியில் வாய்க்கால் ஓரத்தில் பறித்த ஒரு கைப்பிடிச் செடியை நான் எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன, ஆறும் இருந்தன. என் அம்மாயிக்கு இரண்டும் ஒன்றே.

மூலிகைதானே, பயன் இல்லாவிடினும் தீங்கு இல்லை என்று சொல்வாருக்கும் ஒரு செய்தி உண்டு. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பாற்றல் கூடும் என்று பலர் சீந்தில் கொடியை நாள்தோறும் குடித்தனர். அவ்வாறு குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்டனர். அது சீந்தில்தானா, அதனைப் போன்ற வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் மறுப்புத் தெரிவித்தது. மறுபடியும் அதே வினா: எந்தச் செடி?

மாமாவுக்கு வந்த காமாலை

எனக்கு இவ்விஷயத்தில் ஆர்வம் பிறந்தது புத்தகத்தால் அன்று. என் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். விடியற்காலை வேனில் ஏறினால் இரவில்தான் வீடு திரும்புவார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பத்தியம் காத்தார், ஒன்றரை மாதத்தில் மஞ்சள் போயிற்று. வேலைக்குத் திரும்பினார். எங்கள் தெருவில் மூன்று பேருக்கு அவரே செடி பறித்துக் கொடுத்தார்.

மூன்றாண்டு கழித்துக் கால் வீங்கிற்று, பிறகு வயிறு. மகோதரம் என்றார்கள். இரத்தச் சோதனையில் ஹெபடைடிஸ் பி. ஸ்கேனில் கல்லீரல் சுருங்கியிருந்தது. முதலில் வந்த மஞ்சளே அந்தக் கிருமி கிளர்ந்தெழுந்ததன் அடையாளம் என்று மருத்துவர் விளக்கினார். மஞ்சள் போனது, கிருமி போகவில்லை. அன்று ஒரு சிறு குப்பி இரத்தம் கொடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கீழாநெல்லி அவருக்குத் தீங்கு செய்யவில்லை. தேறிவிட்டோம் என்ற நிம்மதியைக் கொடுத்தது. அந்த நிம்மதிதான் மூன்றாண்டைத் தின்றது.

இன்று அவர் டெனோஃபோவிர் மாத்திரையை நாளுக்கு ஒன்று உண்கிறார். அது கிருமியை அழிக்காது. பெருக விடாமல் அடக்கி வைக்கும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இதற்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வயிற்று நீர் வடிந்துவிட்டது. பழையபடி மிஷினில் உட்கார முடிவதில்லை. வீட்டில் பீஸ் மடித்துக் கொடுக்கிறார். குடும்பத்தார் அனைவரையும் சோதித்தபோது அத்தைக்குத் தொற்று இல்லை. இளைய மகளுக்கும் இல்லை. என் வயதொத்த மூத்த மகனுக்கு இருந்தது. அவனுக்கு ஒரு நாளும் கண் மஞ்சளித்ததில்லை. கபடி ஆடுகிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்து வருகிறான்.

ஊசி போட்டவரும் போடாதவரும்

பிளம்பர்க் வழிகாட்டிய தடுப்பூசி 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதலில் அதனைக் கிருமி தாங்கிகளின் இரத்தத்திலிருந்தே எடுத்தனர். 1986 முதல் ஈஸ்டில் ஆன்டிஜனை விளைவித்துச் செய்யும் முறை வந்தது. 1997-ல் ஐதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே இதனைச் செய்து விற்கத் தொடங்கியபின் விலை வெகுவாக இறங்கிற்று. கீழாநெல்லியைச் சோதித்த அதே மேதையின் கையிலிருந்து வந்த இந்த ஊசியைப் பற்றி உலகில் இரண்டாம் கருத்து இல்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டால் தாயிடமிருந்து சேய்க்குத் தாவுவதைப் பெரும்பாலும் தடுக்கிறது.

நம் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இது 2002-ல் சில மாவட்டங்களிலும் நகரங்களிலும் முன்னோட்டமாகச் சேர்ந்தது. 2007-08-ல் தமிழ்நாடு உட்பட பத்து மாநிலங்களுக்கு விரிந்தது. 2011-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐந்து நோய்களுக்கும் சேர்த்த ஊசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதலாகத் தொடங்கியது. இன்று கொமரலிங்கத்துக் குழந்தை பிறந்த உடனேயும், பிறகு 6, 10, 14 வாரங்களிலும் இதனைப் பெறுகிறது. ஆண்டுகளை மட்டும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இக்கல்லூரியில் இன்று படிப்போரிலும் பாடம் சொல்வோரிலும் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள். விடுதி அறையில் ஒரே ரேசர் பிளேடைப் பகிர்பவர்களும், ஆய்வுக்கூடத்தில் ஒரே லான்செட் ஊசியால் இரத்த வகை பார்த்தவர்களும் நம்மில் இருக்கக்கூடும்.

வளர்ந்தவர்க்கு மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அதற்கு முன் மேலுறை ஆன்டிஜனுக்கான இரத்தச் சோதனை ஒன்று. நானும் என் தங்கையும் சோதனை செய்துகொண்டோம். இருவருக்கும் தொற்று இல்லை. இரண்டு ஊசி முடிந்துவிட்டன. மூன்றாவது, பருவத் தேர்வு முடிந்த மறுவாரம்.